உங்களுக்குக் கீழே நிற்பவர் சொல்லும் விலை

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு வீட்டு முன்னறையில் சீட்டு ஏலம் நடந்துகொண்டிருக்கும். இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். யாருக்குப் பணம் அவசரமோ அவர் எவ்வளவு தள்ளி எடுக்கத் தயார் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். "பதினஞ்சு." "பதினாறு." "பதினேழு." "பதினெட்டு." அறை அமைதியாகிறது. "பதினெட்டு ஒரு தரம்… ரெண்டு தரம்…" மூன்றாம் தரமும் சொல்லியாகிவிட்டால் பதினெட்டாயிரம் போக எண்பத்திரண்டாயிரம் அவர் கைக்கு வருகிறது. தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் ஐயாயிரம் என்று வைத்துக்கொண்டால், மீதிப் பதின்மூன்றாயிரம் இருபது பேருக்கும் தலைக்கு 650 ரூபாயாகப் பிரிந்துவிடும்.

இந்தக் காட்சியில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. எடுத்தவருக்கு மகளின் கல்லூரிக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ இருந்திருக்கலாம். இருபத்தைந்தாயிரம் வரை தள்ளலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டுதான் வந்திருப்பார். ஆனால் எதிரே கேட்டுக்கொண்டிருந்தவர் பதினேழில் வாயை மூடிக்கொண்டார். அதனால் பதினெட்டோடு கதை முடிந்தது. ஜெயித்தவர் கொடுக்கும் விலையை முடிவு செய்தவர் தோற்றவர்.

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால், இன்று உலகத்தின் மிகப் பெரிய ஏலக்கடை எப்படி நடக்கிறது என்பது பாதி புரிந்த மாதிரி. அந்தக் கடை நம் சட்டைப்பையில் இருக்கிறது. கூகுளில் எதையாவது தேடும்போது மேலே விளம்பரமாக வரும் இரண்டு மூன்று வரிகளின் இடத்துக்கு நடக்கிற ஏலம் அது.

அதே தெருவில் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கிற ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர், இரண்டு மெக்கானிக்குகள், இரண்டு பைக்குகள். மழை பெய்கிற ஒரு ராத்திரி எட்டு மணிக்கு ரிச்மண்ட் டவுனில் ஓர் அம்மாவின் ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. உள்ளே மறுநாளைக்கு வைத்திருக்கும் மாவு, பால், மீன். அவர் போனை எடுத்து 'ஃப்ரிட்ஜ் ரிப்பேர், பக்கத்தில்' என்று தேடுகிறார். அவர் விரலை எடுத்ததற்கும் பக்கம் திறந்ததற்கும் நடுவில், கண் இமைக்கிற நேரத்துக்குள், அந்த ஒரே ஒரு தேடலுக்காக ஓர் ஏலம் தொடங்கி, கேட்டு, முடிந்து, விலையும் நிர்ணயமாகிவிட்டது. ஏலம் கேட்ட கடைக்காரர்களில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம், ஒருவர் தூங்கப் போயிருக்கலாம். எவ்வளவு வரை கேட்பது என்று அவர்கள் முன்பே எழுதிவைத்த தொகைகள்தான் அங்கே உட்கார்ந்து கேட்டன. அடுத்த நொடி விவேக் நகரில் வேறொருவர் அதே சொற்களைத் தட்டினால், அதற்கு முதலிலிருந்து வேறொரு ஏலம். விளம்பரம் திரையில் வந்ததற்குக் காசு கிடையாது. அந்த அம்மா அதைத் தொட்டால்தான் கடைக்காரர் கணக்கிலிருந்து பணம் போகும்.

இப்படிச் சொல்லை ஏலம் விடலாம் என்று செய்துகாட்டியவர் கலிஃபோர்னியாவின் பாசடேனாவைச் சேர்ந்த பில் கிராஸ். அவர் 1998இல் தொடங்கிய கோட்டூ.காம் என்ற தேடுதளத்தில் விதி எளிது: ஒரு கிளிக்குக்கு யார் அதிகம் கேட்கிறாரோ அவர் மேலே, கேட்டதை அப்படியே கொடுக்க வேண்டும். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த விதி கடைக்காரர்களைத் தூங்கவிடவில்லை.

ஏன் என்று நம் கடையை வைத்தே பார்க்கலாம். இரண்டே இடங்கள். மேலிடத்துக்குக் கீழிடத்தைப் போல இரண்டு மடங்கு கிளிக். போட்டிக்கு மூன்று கடைகள். ஆஸ்டின் டவுன் கடைக்கு ஒரு கிளிக்கின் மதிப்பு 40 ரூபாய், அல்சூர் கடைக்கு 30, ஈஜிபுரா கடைக்கு 15. ஈஜிபுரா 15க்கு மேல் வராது. அல்சூர் 16 கேட்டுக் கீழிடத்தைப் பிடிக்கிறது. ஆஸ்டின் டவுன் 17 கேட்டு மேலே ஏறுகிறது. அல்சூர் பார்க்கிறது: ஒரு ரூபாய் கூட்டினால் இரண்டு மடங்கு கிளிக்காயிற்றே! 18. உடனே இவர் 19. இப்படி ஒவ்வொரு ரூபாயாக 23 வரை ஏறுகிறது. அங்கே அல்சூர்க்காரர் கணக்குப் போடுகிறார். 24 கொடுத்து மேலே போனால் கிளிக்குக்கு 6 ரூபாய் லாபம், இரண்டு மடங்கு என்றால் 12. பேசாமல் 16க்குத் திரும்பிக் கீழிடத்தில் இருந்தால் 14. சட்டென்று 16க்கு இறங்கிவிடுகிறார். அதைப் பார்த்த ஆஸ்டின் டவுன்காரர், நான் மட்டும் ஏன் 23 கொடுக்க வேண்டும் என்று 17க்கு இறங்குகிறார். மறுபடியும் 18, 19, 20… முடிவே இல்லை.

வரைபடமாகப் போட்டால் இது ரம்பத்தின் பல் மாதிரி இருக்கும்: மெல்ல ஏறி, செங்குத்தாக விழுந்து, மறுபடி ஏறி. கோட்டூ 2001இல் ஓவர்ச்சர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் பழைய ஏலப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்த பெஞ்சமின் எடெல்மனும் மைக்கேல் ஆஸ்ட்ரோவ்ஸ்கியும் இதே ரம்பப் பற்களைத்தான் கண்டார்கள். காகிதத்தில் போட்ட கணக்கும் மனிதர்கள் உண்மையில் நடந்துகொண்டதும் அச்சாகப் பொருந்தி வந்த அந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கூகுள் 2002 பிப்ரவரியில் இந்த விதியை மாற்றியது. எரிக் வீச் என்ற பொறியாளர் வகுத்த முறை அது. கேட்டதைக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு அடுத்த இடத்தில் இருப்பவரைத் தாண்ட எவ்வளவு தேவையோ அதைக் கொடுத்தால் போதும். சீட்டு ஏலத்தில் பதினேழில் நின்றவர் விலை சொன்னதைப் போலத்தான். வாய்விட்டு ஏற்றிக் கேட்காமல், எல்லோரும் ஒரே தடவை மூடிய உறையில் எழுதிக் கொடுத்த மாதிரி வைத்து, அதே முடிவை எடுத்துவிடுகிறார்கள். 23 என்று எழுதினாலும் 40 என்று எழுதினாலும் கொடுப்பது கீழே இருப்பவரைப் பொறுத்ததுதான் என்பதால், ஒவ்வொரு ரூபாயாகத் திருகிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

இந்தக் கருத்தின் வேர் இன்னும் பழையது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் விக்ரி 1961இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே ஒரு பொருள் ஏலத்துக்கு வந்து, அதிகம் கேட்டவர் ஜெயித்து, ஆனால் இரண்டாவதாக வந்தவரின் தொகையைக் கொடுத்தால், ஒவ்வொருவரும் தம் மனதில் உள்ள உண்மையான மதிப்பை எழுதுவதே அவருக்கு நல்லது என்று அதில் நிறுவினார். குறைத்து எழுதினால் விலை குறையாது, ஜெயிக்கிற வாய்ப்புதான் போகும். கூட்டி எழுதினால் நஷ்டத்துக்கு ஜெயிக்க நேரிடும். ஒளிக்கவும் வேண்டாம், எதிராளியின் முகத்தைப் படிக்கவும் வேண்டாம். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1996 அக்டோபரில், விக்ரிக்குப் பொருளாதார நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். தன் ஏலம் தினமும் எத்தனை கோடித் தடவை உலகெங்கும் நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது; பலர் ஏமாறுகிற இடமும் இதுதான். விக்ரி சொன்னது ஒரு பொருளுக்கு. தேடல் பக்கத்தில் மேலிடம், கீழிடம் என்று பல பொருள்கள். மறுபடி நம் மூன்று கடைகள். எல்லோரும் உண்மையையே எழுதுகிறார்கள்: 40, 30, 15. ஆஸ்டின் டவுன் மேலிடத்தைப் பிடித்து 30 கொடுக்கிறது. கிளிக்குக்கு 10 ரூபாய் லாபம், இரண்டு மடங்குக்கு 20. அதே கடை 20 என்று குறைத்து எழுதினால்? கீழிடத்துக்கு இறங்கும், ஆனால் 15தான் கொடுக்கும். லாபம் 25. உண்மையைச் சொன்னதைவிட, இறங்கி உட்கார்ந்ததில் லாபம் அதிகம்! எடெல்மன், ஆஸ்ட்ரோவ்ஸ்கி, மைக்கேல் ஷ்வார்ஸ் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வின் மையம் இது: தேடல் விளம்பர ஏலம் விக்ரியின் ஏலத்தைப் போலத் தோன்றும், ஆனால் அது வேறு. மேலே இருப்பதே வெற்றி என்று நினைத்துப் பணம் கரைக்கிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த ஐந்து ரூபாய்க் கணக்கைத்தான்.

இந்தப் புதிரைப் பெங்களூரிலேயே உட்கார்ந்து அவிழ்க்க முயன்றவர்கள் உண்டு. பழைய ஊர்க்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஒய். நரஹரியும் அவருடைய மாணவர் தினேஷ் கார்கும் தேடல் ஏலத்துக்கு என்று தனி விதிமுறை ஒன்றை வகுத்தார்கள். கடைக்காரர் உண்மையை எழுதுவது அவருக்கே நல்லதாக இருக்க வேண்டும், விரும்பித்தான் கலந்துகொள்ள வேண்டும். அந்த இரண்டு கட்டுக்குள் ஏலம் விடுபவருக்கு அதிகபட்ச வருமானம் வர வேண்டும். அப்படியொரு விதி எப்படி இருக்கும் என்பது அவர்கள் கேள்வி. அதை நடைமுறையில் இருக்கும் முறையோடும் விக்ரி வழியோடும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள்.

இனி வருவதுதான் என்னை அதிகம் வியக்கவைத்தது. கூகுள் 2002இல் விலையோடு நிறுத்தவில்லை. யார் அதிகம் கேட்டார் என்பதோடு, இவருடைய விளம்பரத்தை மக்கள் தொடுவார்களா என்பதையும் பெருக்கிப் பார்த்தது. யாரும் தொடாத விளம்பரத்துக்கு நூறு ரூபாய் சொன்னாலும் ஏலம் விடுபவருக்கு வருவது பூஜ்யம்தானே. இன்று அந்தப் பெருக்கலில் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: தொடப்படும் வாய்ப்பு, தேடிய சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் உள்ள பொருத்தம், தொட்டபின் திறக்கும் பக்கம் பயனுள்ளதா என்பது. கடைக்காரருக்கு இவற்றை ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண்ணாகக் காட்டுகிறது. ஏலத்துக்குள் ஓடும் உண்மையான கணக்கு இதைவிடச் சிக்கலானது; அந்த நேரம், கைக்கருவி, இடம் எல்லாம் சேரும். எலும்புக்கூடு மட்டும் பார்ப்போம்.

நம் கடை 20 ரூபாய் கேட்கிறது, மதிப்பெண் 8. பெருக்கினால் 160. நாடு முழுக்க எல்லா வேலைக்கும் ஆள் அனுப்பும் ஒரு பெரிய நிறுவனம் 35 கேட்கிறது. ஆனால் அதன் விளம்பரம் பொத்தாம் பொதுவானது, மதிப்பெண் 4, பெருக்கினால் 140. ஈஜிபுரா கடை 25 கேட்கிறது, அதற்கும் 4, ஆக 100. முதலிடம் நம் கடைக்கு. விலை என்ன? தனக்குக் கீழே உள்ள 140ஐத் தாண்ட, 8 மதிப்பெண்ணோடு எவ்வளவு கேட்டிருந்தால் போதும்? 140ஐ 8ஆல் வகுத்தால் 17 ரூபாய் 50 காசு. பெரிய நிறுவனம் 100ஐத் தாண்ட வேண்டும், 4 மதிப்பெண்ணோடு: 25 ரூபாய்.

மேலே நிற்கிற சின்னக் கடை 17.50 கொடுக்கிறது. அதற்குக் கீழே நிற்கிற பெரிய நிறுவனம் 25 கொடுக்கிறது. வேறு எந்தச் சந்தையில் முன்வரிசை இடம் பின்வரிசையைவிட மலிவாகக் கிடைக்கும்?

ஆகவே ஏலச் செலவைக் குறைப்பது என்றால் கேட்கும் தொகையைக் குறைப்பது என்று பெரும்பாலோர் நினைப்பது பாதிதான் சரி. 'அனைத்து வீட்டு உபயோகச் சேவைகளும் சிறந்த முறையில்' என்று எழுதியதை எடுத்துவிட்டு, 'ஆஸ்டின் டவுன், ரிச்மண்ட் டவுன், நீலசந்திராவில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். இன்று ராத்திரி ஒன்பது வரை' என்று எழுதினாலே அந்த அம்மாவின் கேள்விக்கு அது நேரான பதில். தொட்டதும் முகப்புப் பக்கம் திறக்காமல், போன் எண்ணும் வந்து பார்ப்பதற்கான கட்டணமும் உள்ள பக்கம் திறந்தால் இன்னும் நேர். நேரான பதிலுக்கு ஏலக்காரரே விலையைத் தள்ளிக் கொடுக்கிறார்.

ஆஸ்டின் டவுனுக்கு என்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது, அது பெயரில். மாநகராட்சிப் பதிவுகளில் இந்தப் பேட்டைக்குக் கிட்டல் நகர் என்று பெயர். கன்னட-ஆங்கில அகராதியை 1894இல் வெளியிட்ட ஜெர்மானிய மிஷனரி ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக வைத்தது. ஆட்டோக்காரரிடம் கிட்டல் நகர் என்று சொன்னால் திரும்பிப் பார்ப்பார். தேடுபவர்களும் அதைத் தட்டுவதில்லை. ஆஸ்டின் என்றுதான் தட்டுகிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரமும் ஆஸ்டின். கடைக்காரர் தன் தேடுசொல் பட்டியலில் 'ஆஸ்டின் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்' என்று போட்டுவிட்டு, எந்த ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஃப்ரிட்ஜ் நின்றுபோன ஒருவரின் கிளிக்குக்கும் இவர் காசு கொடுக்க நேரிடும். பெங்களூர் என்று குறித்தாலும் போதாது. 'இந்த இடத்தில் இருப்பவர்கள்' என்றும், 'இருப்பவர்களோடு இந்த இடத்தின் மேல் ஆர்வம் காட்டியவர்கள்' என்றும் அங்கே இரண்டு தேர்வுகள் உண்டு. இரண்டாவதுதான் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். சென்னையில் உட்கார்ந்து பெங்களூரில் வீடு தேடுகிறவருக்கு ஆஸ்டின் டவுன் மெக்கானிக் எதற்கு? முதலாவதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் என்று பிரித்து எழுதுவது அகராதிக்காரரின் வேலை. கிட்டல் பெயர் தாங்கிய பேட்டையில் இன்று ஒரு மெக்கானிக் அதே வேலையைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது. விளம்பரக் கணக்கில் 'உண்மையில் என்ன தட்டினார்கள்' என்று காட்டும் ஒரு பட்டியல் உண்டு. வாரம் ஒரு தடவை அதைத் திறந்து பார்ப்பது பாத்திரத்தின் அடியில் தங்கிய கல்லைப் பார்ப்பது மாதிரி. 'ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கோர்ஸ்' என்று தட்டியவர் தொழில் கற்க வந்தவர். 'ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வேலை' என்று தட்டியவர் வேலை தேடுபவர். 'பழைய ஃப்ரிட்ஜ் விலை' என்றவர் விற்கவோ வாங்கவோ பார்க்கிறார். கோர்ஸ், வேலை, பழைய, டெக்சாஸ் ஆகிய சொற்களை விலக்குப் பட்டியலில் ஏற்றிவிட்டால் அந்த ஏலங்களில் இவர் பெயரே போகாது. ஜெயிப்பதற்குச் செலவழிக்கும் நேரத்தைவிட, எந்த ஏலத்துக்குப் போகக் கூடாது என்று யோசிக்கும் நேரத்துக்குப் பலன் அதிகம்.

நேரமும் அப்படித்தான். வியாழக்கிழமைகளில் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு ஊரெல்லாம் திரண்டு வரும். அந்தப் பக்கம் பைக்கில் நகர்வதே கஷ்டம். போக முடியாத வேலைக்கு அழைப்பை விலை கொடுத்து வாங்குவானேன்? குறிப்பிட்ட மணிநேரங்களுக்குக் கேட்கும் தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ வழி இருக்கிறது. ஆலயத்தின் நேரம் தெரிந்த உள்ளூர்க்காரருக்கு இதில் எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் கிடைக்காத சாதகம்.

மொழியும் சேர்ந்துகொள்கிறது. இந்தத் தெருக்களில் தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே பேச்சுக்குள் வரும். கூகுள் தன் விளம்பர மேடைகளில் தமிழைச் சேர்த்தது 2018 பிப்ரவரியில்தான். ஆனாலும் நம்மவர்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். கேட்பவர் குறைந்தால் விலையும் குறையும் என்பது ஏலத்தின் இயல்பு; வாடிக்கையாளர் உண்மையில் தட்டுகிற கலப்புச் சொல் எது என்று கடையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

சொல் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. சென்னையிலிருந்து பாரத்மேட்ரிமோனி தளத்தை நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் தளங்களின் பெயர்களைத் தேடுபவர்களுக்குப் போட்டியாளர்களின் விளம்பரம் காட்டப்படுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2010 செப்டம்பர் 30 அன்று இடைக்காலத் தடை தர மறுத்தார். தமிழ், பாரத், மேட்ரிமோனி போன்றவை பொதுவழக்குச் சொற்கள் என்பது அதில் முக்கியமான காரணம். டெல்லியில் வீடு மாற்றித் தரும் அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தரப்பு தொடுத்த வழக்கில், 2023 ஆகஸ்ட் 10 அன்று உயர் நீதிமன்ற அமர்வு இரண்டு பக்கமும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. அடுத்தவர் வர்த்தகப் பெயரைத் தேடுசொல்லாக எடுப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் மக்களைக் குழப்பும்படி நடந்தால், சொல்லை விற்றுக் காசு பார்க்கும் கூகுள் வெறும் இடைத்தரகர் என்று சொல்லித் தப்ப முடியாது.

சரி, உங்கள் கடைப் பெயரையே தேடி வருபவருக்கு நீங்கள் விளம்பரம் காட்ட வேண்டுமா? ஈபே நிறுவனம் 2012இல் துணிந்து ஒரு சோதனை செய்தது. தன் பெயர் சேர்ந்த தேடல்களுக்கான விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் ததேலிஸ் எழுதிய ஆய்வின்படி, விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் 99.5 சதவீதம் பேர் அதற்குக் கீழே இலவசமாகத் தெரிந்த சாதாரண முடிவைத் தொட்டு வந்து சேர்ந்தார்கள். எப்படியும் வரப்போகிறவர்களுக்கு வாசலில் நின்று காசு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஈபே உலகறிந்த பெயர், சின்னக் கடைக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் பத்து நாள் நிறுத்திப் பார்த்து எண்ணுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இன்னொரு ஆழமான கணக்கு பட்ஜெட்டில் இருக்கிறது. தினமும் 500 ரூபாய் என்று கடைக்காரர் வரம்பு வைக்கிறார். காலையிலேயே 500ம் தீர்ந்துவிட்டால் ராத்திரி எட்டு மணிக்குத் தேடும் அம்மாவின் கண்ணில் இவர் படமாட்டார். ஏலம் விடுபவருக்கும் இதே கவலை: அடுத்து என்ன தேடல் வரும் என்று தெரியாமல், யாருடைய பணத்தை இப்போது செலவழிப்பது? ஆரண்யக் மேத்தா, அமீன் சபேரி, உமேஷ் வசிராணி, விஜய் வசிராணி நால்வரும் 2005இல் இதற்கு அழகான விடை தந்தார்கள். வசிராணிகள் இருவரும் இந்தியாவில் பிறந்த சகோதரர்கள். அதிகம் கேட்டவருக்கே கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதே. அவர் பையில் இன்னும் எவ்வளவு மீதி என்பதையும் பார்த்து, காலியாகிக்கொண்டிருப்பவரின் தொகையைக் கொஞ்சம் குறைத்து எடைபோடு. இப்படிச் செய்தால், வரப்போகிற தேடல்களையெல்லாம் முன்கூட்டியே அறிந்த ஒருவர் ஈட்டக்கூடிய வருமானத்தில் குறைந்தது 63 சதவீதம் உறுதி; எதிர்காலம் தெரியாத எவராலும் இதைவிட மேலான உறுதியைத் தர முடியாது என்பதையும் நிறுவினார்கள். நாளை தெரியாதவருக்கும் தெரிந்தவருக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ஓர் எண் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

நடைமுறையில், கூகுள் ஒரே நாளில் வரம்பைப் போல இரண்டு மடங்கு வரைகூடச் செலவழிக்கும். மாதக் கணக்கில் மட்டும் நாள் வரம்பின் 30.4 மடங்கைத் தாண்டாது. ஒரு திங்கட்கிழமை ஆயிரம் ரூபாய் போனதைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நிம்மதி.

ஏலம் விடுபவரின் கை எவ்வளவு நீளம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்க அரசு கூகுள்மேல் தொடுத்த வழக்கில், 2023 செப்டம்பரில் சாட்சி சொன்ன கூகுள் விளம்பரப் பிரிவு அதிகாரி ஜெர்ரி டிஷ்லர், ஏலத்தின் உள்கணக்கில் மாற்றம் செய்து விலையை 5 சதவீத அளவு உயர்த்தியதுண்டு என்று ஒப்புக்கொண்டார். குஜராத்தில் பிறந்த நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று தந்த தீர்ப்பில், இரண்டாமவரின் மதிப்பெண்ணைச் செயற்கையாகத் தூக்கிவிட்டு முதலாமவர் கொடுக்கும் விலையை மேலே தள்ளும் உத்தியை விவரித்திருக்கிறார். பொதுத் தேடல் சந்தையிலும் அதில் வரும் எழுத்து விளம்பரச் சந்தையிலும் கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்தது என்பது அவர் முடிவு. உங்களுக்குக் கீழே நிற்பவர்தான் விலை சொல்கிறார். ஆனால் அவரை எந்த உயரப் பலகைமேல் நிறுத்துவது என்பது ஏலக்காரர் கையில். சீட்டில் தள்ளிய பணம் கமிஷன் போக எல்லோருக்கும் பிரிந்து வருகிறது. இங்கே கூடுதலாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் ஒரே பைக்குள் போகிறது. இது எனக்கு வருத்தம் தருகிற வித்தியாசம்.

அப்படியானால் கடைக்காரரின் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? தன் எண்ணைத் தானே தெரிந்து வைத்திருப்பதில். ஒரு வேலைக்குப் பாகங்கள், பெட்ரோல், கூலி எல்லாம் போக 600 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். பதினைந்து கிளிக்குக்கு ஒரு வேலை அமைகிறது. 600ஐ 15ஆல் வகுத்தால் 40. இதுதான் ஒரு கிளிக்கின் மதிப்பு. இப்போது 20 ரூபாய் கேட்கும்போது வாரம் 50 கிளிக், சராசரி 16 ரூபாய், செலவு 800. யாரோ சொன்னார்கள் என்று 30க்கு ஏற்றுகிறார். வாரம் 60 கிளிக், சராசரி 24, செலவு 1,440. சராசரி 24தானே, 40க்கு ரொம்பக் கீழே என்று மனது சமாதானப்படும். ஆனால் கூடுதலாக வந்த கிளிக் பத்து, கூடுதலாகப் போன பணம் 640. அந்தப் பத்தும் ஒவ்வொன்று 64 ரூபாய்! முன்பு வாரம் 1,200 மிஞ்சியது, இப்போது 960. கூட்டம் கூடியிருக்கிறது, கல்லாவில் குறைந்திருக்கிறது. சராசரி இந்த ஓட்டையை எப்போதும் மறைத்துக் காட்டும்; அடுத்த பத்து கிளிக்குக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால்தான் தெரியும்.

இன்று ஒவ்வொரு ஏலத்துக்கும் தொகையை இயந்திரமே நிர்ணயிக்கும் முறைகள் வந்துவிட்டன. அந்த இயந்திரமும் ஒரு வேலைக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று கடைக்காரரிடம்தான் கேட்கிறது. தவறுதலாகத் தொட்டு மூன்று நொடியில் துண்டித்த அழைப்பையும் வாடிக்கையாளர் என்று எண்ணிச் சொல்லிக்கொடுத்தால், அது சுறுசுறுப்பாக இன்னும் ஆயிரம் தவறான அழைப்புகளைத் தேடிக் கொண்டுவரும்.

கடைசியாக வரி. விளம்பரக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பதிவு பெற்ற பெரிய நிறுவனம் அதைத் தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத தெருக்கடைக்கு அந்த வழி கிடையாது, முழுதும் கைச்செலவு. ஆகவே 40 ரூபாய் மதிப்புள்ள கிளிக்குக்கு அவர் கேட்கக்கூடிய உச்சம் 40 ஆகாது. 40ஐ 1.18ஆல் வகுக்க வேண்டும். 33 ரூபாய் 90 காசு.

சீட்டுக்குப் போகிறவர் தன் உச்சத் தொகையை மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டு போவார். முன்னறையில் குரல்கள் ஏறும்போது அது அவரைப் பிடித்து நிறுத்தும். நம் கடைக்காரரும் இந்த 33.90ஐக் கல்லாப்பெட்டியின் உள்மூடியில், பாகங்கள் வாங்கிய பில்களுக்குப் பக்கத்தில், பேனாவால் எழுதி ஒட்டி வைக்கலாம். கம்ப்ரஸர் விலை ஏறும் மாதத்தில் அடித்துவிட்டுப் புதிதாக எழுத இடம் விட்டு.